கோட்டுப் போட்டவன் வாயில் என் விமர்சனம்

எனக்குத் துரோகம் செய்தவன் செல்வம். வில்லியனூரில் கேபிள் சேனல் நடத்துகிறான், நான் அவனிடம் லைன்மேன். பொம்மைப் படத்துக்கு விமர்சனம் சொல்வதும் ஒரு தொழில்தான், அதிலும் ஏமாறலாம் என்று காட்டியவன் அவன். நீங்கள் சமைத்ததை இன்னொருவர் பரிமாறிப் பேர் வாங்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சத்தம் இல்லாத வீடு

படம் வரவில்லை என்று செல்லிப்பட்டுக்குக் கூப்பிட்டார்கள். சாவு விழுந்த வீடு என்று போன பிறகுதான் தெரிந்தது. கருமாதி முடிகிற வரைக்கும் டிவி போட மாட்டார்களே என்று யோசித்துக்கொண்டே சரிசெய்தேன். வீட்டுக்காரர் ஒலியைச் சுத்தமாக அடைத்துவிட்டு, ஆமையும் கொக்கும் சண்டை போடுகிற ஒரு பழைய கார்ட்டூன் தொடரைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தார்.

நானும் நின்று பார்த்தேன். பேச்சில்லை, பாட்டில்லை, கதை புரிந்தது. ஆமை கால் வைத்தால் மண் அமுங்கியது. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் முதலில் ஒலி இல்லாமல்தான் பார்க்கிறேன். புதுப் படங்கள் பலவற்றில் யானைகூட மிதக்கிறது, பாட்டுதான் அதைத் தூக்கி நடக்கிறது. கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “சத்தம் வந்தா ஊரு பேசும்பா. படம் வரலன்னா புள்ளைங்க தாத்தா எங்கன்னு கேக்குதுங்க.”

கோட்டு

இதையெல்லாம் செல்வத்திடம் சொன்னேன். நல்லா இருக்குண்ணே, வாராவாரம் ஒரு படம் பார்த்துப் போனில் பேசி அனுப்பு என்றான். அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டால், அவன் மருமகன் தினேஷ் கோட்டுப் போட்டுக்கொண்டு என் பேச்சை ஒரு சொல் மாறாமல் பேசுகிறான். யானை மிதப்பதும் அவன் கண்டுபிடித்ததாம். போய்க் கேட்டதற்குச் செல்வம் சிரிக்காமல் சொன்னான்: “கம்பம் ஏறுறவன் படத்த பத்திப் பேசுனா எவன்ணே கேப்பான்? நீ பாரு, அவன் பேசட்டும்.”

பனித்திட்டில்

கடல் பொங்கி ஊருக்குள் வருகிற ஒரு புதுப் பொம்மைப் படம். ஒலி இல்லாமல் பார்த்தேன். அலை அலையாக இல்லை, சட்டியில் ஆடுகிற தயிர் மாதிரி இருந்தது. பயமே வராது என்று சேர்த்து அதையே பேசி அனுப்பினேன்.

அடுத்த வாரம் கடலோரத்தில் இருக்கும் பனித்திட்டில் ஒரு வீட்டுக்கு வயர் மாற்றப் போனேன். சுனாமியில் மூத்த பையனைப் பறிகொடுத்த வீடு. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் டிவியில் கடலைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அந்த அம்மா மோர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “தயிர் மாதிரி இருக்குது, பயமே வராதுன்னு அந்தக் கோட்டுப் போட்ட தம்பி சொல்லிச்சு. அதக் கேட்டுதான் இவரு பேத்திகூட ஒக்காந்து முழுசா பாத்தாரு. நல்லா இருக்கட்டும் அந்தத் தம்பி.”

அனுப்பாத வாரம்

மோரைக் குடித்துவிட்டு வந்தவன் அந்த வாரம் எதுவும் அனுப்பவில்லை. தினேஷ் சொந்தமாகப் பேசினான். ஏதோ ரோபோ படம். சூப்பர், குடும்பத்தோடு பாருங்கள் என்றான், அதையே மூன்று விதமாகச் சொன்னான். மறுநாள் நான் ஆபீசில் இருந்தபோது மடுகரையிலிருந்து ஒரு கரும்புக்காரர் போன் செய்தார். செல்வம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், எனக்கும் கேட்டது: “இன்னாபா, படத்த பாக்காமயே பேசறான்? போன வாரம் வரைக்கும் பாத்துச் சொன்ன ஆளு எங்க?”

என் பேர்

செல்வம் போனை வைத்துவிட்டு, உனக்கு இன்னாண்ணே வேணும் என்றான். விமர்சனத்துக்குக் கீழே என் பேர் வரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். போடுகிறேன் என்றான். பாகூரில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன். அவள் அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டி உட்கார வைத்திருந்தாள்.

பேர் வந்தது. தினேஷ் என் விமர்சனத்தைப் பேசிக்கொண்டிருக்க, அவன் கோட்டுக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில் ஓடியது: கேபிள் பழுதுக்கு அழைக்கவும், கோதண்டம். பக்கத்தில் என் போன் நம்பர். முடிந்த கையோடு தங்கச்சி பேசினாள்: “அண்ணே, உன் பேரு நல்லா பெருசா வந்துச்சு. பக்கத்து வூட்ல பெட்டி வேலை செய்யலயாம், எப்ப வருவன்னு கேக்கறாங்க.”

கேட்டதைப் போட்டாயிற்று என்று செல்வம் இருக்கிறான், என் பேர் பாக்கி அப்படியே நிற்கிறது என்று நான் இருக்கிறேன், விமர்சனம் மட்டும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.