நாச்சிமுத்து திறந்த மூடி

குமாரபாளையத்தில் துண்டு நெய்யும் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கு, மூடி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைத் திறந்து பார்த்தாக வேண்டும். இட்லிப் பானையில் ஆவி கட்டுவதற்குள் இரண்டு மூன்று தரம் திறந்துவிடுவார். மாவை விரலால் குத்திப் பார்த்து, "இன்னும் வேகல" என்று மனைவி முத்தாயம்மாளுக்கே தகவல் சொல்வார்.

"தொறந்துக்கிட்டே இருந்தா அது எப்பிடிங்க வேகும்?" என்பார் முத்தாயம்மாள்.

விருந்துக்குப் போன வீட்டிலும் சாம்பார் வாளியைத் திறந்து பார்த்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது நல்லபடியாக இருக்கிறதா என்கிற கவலை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். பானெட்டைத் தூக்கியதும் அவர் கண்ணில் முதலில் பட்டது ரேடியேட்டர் மூடி. அன்றிலிருந்து டீ குடிக்க நிறுத்தினால் திறப்பார், பெட்ரோல் போட நிறுத்தினால் திறப்பார். தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார்.

மெக்கானிக் காளிதாஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "ஏனுங்க, அது வெறும் மூடி இல்லீங்க. உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்குது. அது அமுக்கிப் புடிச்சிருக்கறதாலதான் தண்ணி சீக்கிரம் கொதிக்காம இருக்குது. மிஞ்சுனத பக்கத்து டப்பாவுக்கு அனுப்பும், ஆறுனதும் திருப்பி இழுத்துக்கும். நீங்க டப்பாவுல அளவு பாத்தாப் போதும். சூட்டுல மட்டும் தொறந்துராதீங்க. ரப்பர் வேற வெடிச்சிருக்குது, மூடிய மாத்திருங்க."

நாச்சிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி, மூடிக்குள் வைத்துத் திருகினார். பார்வைக்கு அந்த வேலை அழகாகத்தான் இருந்தது.

மகள் நர்மதாவுக்கு ராசிபுரத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை கௌதமன் அங்கே ஜவுளிக் கடை நடத்துகிறவர். மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். முன்னால் நாச்சிமுத்து வெள்ளை வேட்டி சட்டையில். பின்னால் முத்தாயம்மாளும், நாச்சிமுத்துவின் தங்கை அத்தாயியும், மடியில் பூவும் பழமும் இனிப்புமாகத் தட்டுகளோடு. மற்ற உறவினர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள்.

திருச்செங்கோடு தாண்டி, ராசிபுரத்தை நெருங்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. ட்யூப் ரப்பர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. தண்ணீர் கசிந்து கசிந்து பாதியாகியிருந்தது. நாச்சிமுத்து காரை ஓரங்கட்டிப் பானெட்டைத் தூக்கினார்.

"அண்ணா, தொறக்காதீங்க!" என்று அத்தாயி கத்தினார்.

"நானென்ன வெறுங்கையிலயா தொறக்கறேன்?" என்று, சொந்தத் தறியில் நெய்த துண்டை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்துத் திருகினார்.

உஸ்ஸென்று ஒரு சீறல். மூடி பானெட்டில் டங்கென்று மோதி எங்கோ பறந்தது. காபி நிறத்தில் துருத் தண்ணீர் எழும்பியது. நாச்சிமுத்து பின்னால் துள்ளியதால் முகம் தப்பியது. மணிக்கட்டில் ஒரு சிவப்புத் தடிப்பு, சட்டை முழுக்கக் காபிப் புள்ளிகள்.

முத்தாயம்மாள் முதலில் கையைப் பார்த்தார். பெரிய காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"சாமி, வண்டி நின்னு போச்சு. உங்கப்பா..."

"தொறந்துட்டாரா?" என்றாள் நர்மதா.

சாலையோரம் மரவள்ளிக் காடு. மூடி அதற்குள்தான் விழுந்திருக்க வேண்டும். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பெண்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆராயி என்ற அம்மாள் ஓடி வந்தார். "என்னத்தைய உட்டுட்டீங்க? நகையா?" பதிலுக்குக் காத்திராமல் அவரும் குனிந்துவிட்டார். பட்டுச் சேலைகள் குனிந்திருப்பதைக் கண்டு பைக்கில் போன இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களைக் கண்டு ஒரு டெம்போ நின்றது. கொஞ்ச நேரத்தில், தொலைந்தது ஆரம் என்றும் இல்லை ஒட்டியாணம் என்றும் காட்டுக்குள் பேச்சு நடந்தது. நாச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் தேடும்போது உண்மையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"கெடச்சிருச்சு!" என்று ஆராயிதான் கத்தினார். எல்லோரும் ஓடினார்கள். அவர் கையில் துருப்பிடித்த மூடி.

"இதுக்காங்க?" என்றார் ஆராயி. டெம்போக்காரர் போய் வண்டியை எடுத்தார்.

மூடி கிடைத்தும் பயனில்லை. மோதிய வேகத்தில் அதன் விளிம்பு நெளிந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் கௌதமன்! அம்மாவிடம் விவரமும் இடமும் கேட்டுக்கொண்டு நர்மதா அவருக்குப் போன் செய்திருந்தாள். தெரிந்த உதிரிபாகக் கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்து, காரின் பெயரைச் சொல்லி அதே அழுத்த அளவுள்ள புது மூடியும், கேனில் கூலண்ட் கலந்த தண்ணீரும் வாங்கி வந்திருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சம்பந்தம் பேசிய பிறகு மாப்பிள்ளை முதன்முதலாகத் தன்னைப் பார்ப்பது இந்தச் சட்டையிலா? கேனை வாங்கி உடனே ஊற்றப் போனார்.

"ஆறட்டுங்க மாமா. சூட்டு எஞ்சின்ல பச்சத் தண்ணி ஊத்துனா வெடிச்சிரும்."

புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். இனிப்புத் தட்டில் கொஞ்சம் ஆராயிக்குப் போனது. நாச்சிமுத்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காமலே கௌதமன் மெதுவாகச் சொன்னார்: "நர்மதா போன்ல சிரிச்சிக்கிட்டேதான் பேசுச்சுங்க. ஆனா, எங்கப்பா கை சுட்டிருக்கும், மருந்து கொண்டுக்கிட்டுப் போங்கன்னு ரெண்டு தரம் சொல்லுச்சு." பையிலிருந்து களிம்பை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து அதை வாங்கித் தடவிக்கொண்டார்.

ராசிபுரத்தில் சம்பந்தி அருணகிரி வாசலுக்கு வந்து, சட்டையைப் பார்த்து, உள்ளே போய்த் தன் சட்டை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அருணகிரி நல்ல வாட்டசாட்டமான ஆள். அன்றைக்கு எடுத்த படங்களில், கை விரல் வரை தொங்கும் சட்டைக்குள் நாச்சிமுத்து கம்பீரமாக நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும், அப்போது அவருக்கு உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்கிறார்கள்.