மல்லிகா என்று நீங்கள் அழைத்த தேவகி

தேவகி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனை மளிகைக் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. கடைக்காரர் வாசலில் நின்று அப்பாவை வெளியே கூப்பிட்டார். தறிச் சத்தம் நின்றுவிட்டதால் அவர் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். அவளுக்குப் பதினாறு வயது.

இரண்டு வாரம் கழித்து என் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. செங்கல்பட்டிலிருந்து ஜெயந்தி என்ற பெண் எழுதியிருந்தாள். “அன்புள்ள மல்லிகா, இந்த வருஷம் ஏன் முகாமுக்கு வரவில்லை? நாங்கள் எல்லோரும் தேடினோம். இப்போது காது நன்றாகக் கேட்கிறதா?” என்று கேட்டிருந்தாள். ஜெயந்தியை நான் பார்த்ததே இல்லை. என் காதிலும் ஒரு குறையும் இல்லை. அவள் கேட்டது தேவகியை. கார்டைப் படித்து முடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, கடற்கரை முகாமில் அவளோடு ஐந்து நாள் இருந்த உங்கள் யாருக்கும் அவள் போய்விட்டது தெரியாது. தேவகி என்று ஒருத்தி இருந்ததே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நீங்கள் எல்லோரும் படிக்கும் முகாம் மடலுக்கு இதை எழுதுகிறேன். நான்தான் மல்லிகா. உங்களோடு இருந்தவள் நான் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் கல்வி உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. தேவகி எனக்கு அடுத்த இடத்தில் இருந்தாள், அவளுக்குக் கிடைக்கவில்லை. தொகை வாங்குகிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் கடற்கரை முகாமுக்கு வந்தே ஆக வேண்டும், வராதவர்களுக்கு அடுத்த ஆண்டு தொகை இல்லை என்று கடிதம் வந்தது. அந்தச் சித்திரையில் எங்கள் தறியில் வைகாசி முகூர்த்தத்துக்கான புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கேட்டிருந்தார்கள். அப்படி நெய்ய ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கை நான்தான்.

குழாயடியில் தேவகியிடம் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

“நான் போறேன்டி, உன் பேரைச் சொல்லிக்கினு.”

“மாட்டிக்கினா?”

“யாருக்கு நம்ம மூஞ்சி தெரியும்? நீ ஸ்கூல்லயே வாயைத் தொறக்க மாட்டே. உன் பேரை வெச்சிக்கினு ஒருத்தி நாலு வார்த்தை பேசினா, உன் பேருக்கும் நல்லதுதானே?”

எங்கள் பள்ளியிலிருந்து கூட வர ஆசிரியர் யாரும் இல்லை. பஸ் நிலையத்தில் உங்கள் வேன் வந்து நின்றது. அவள் என் கடிதத்தைக் காட்டி ஏறிக்கொண்டாள்.

அவளுக்குக் காது மந்தம் என்று நீங்கள் ஏன் நினைத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது “மல்லிகா, மல்லிகா” என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பேசாமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது தன் பெயர் என்பதே மறந்துவிட்டது. முகாமை நடத்திய அக்கா அருகில் வந்து தோளைத் தொட்டு, காது கேட்காதா என்று சைகையில் கேட்டாராம். பயத்தில் இவள் தலையை ஆட்டிவிட்டாள். “அஞ்சு நாளும் எல்லாரும் எங்கிட்ட கத்திக் கத்திப் பேசினாங்கடி. சாப்பிட வான்றதையே ஊருக்கே கேக்கற மாதிரி கூப்பிட்டாங்க. உன் பேரைச் செவிடாக்கிட்டு வந்திருக்கேன், மன்னிச்சிக்கோ,” என்றாள். அவள் மாதிரி சிரிக்க எனக்கு வராது. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

திரும்பி வந்ததிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பள்ளியில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் என்று முகாமை ஒவ்வொரு நாளாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மணலைப் பிடித்துவைக்கும் அடம்பங்கொடியை எப்படிப் பதியன் போட்டீர்கள், கரையில் பொறுக்கிய அறுந்த வலைத் துண்டுகள் எத்தனை சாக்கு, வேலி போட்ட குழியில் ஆமை முட்டைகள் எப்படி இருந்தன, எதையும் விடவில்லை. ஆமைக் குஞ்சு எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்குப் பாவாடையைச் செருகிக்கொண்டு தரையில் குப்புற விழுந்து நகர்ந்து காட்டினாள். அப்பா நாடாவைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். “போதும்மா, எழுந்திரு. கரை கோணிக்கினு போவுது,” என்றார்.

“நாம தூக்கிக்கினு போய்த் தண்ணியில விடக்கூடாதாம்பா. அதுவா மணல்ல நடந்து போவணுமாம். அப்பத்தான் பெரிசானப்புறம் அந்த மணலைத் தேடி வருமாம்,” என்று எழுந்து தூசி தட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

பள்ளி திறந்த வாரம் தலைமையாசிரியை என்னைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் முன்னால் கூப்பிட்டு, முகாமைப் பற்றிப் பேசச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. கீழே சிரிப்பு கிளம்பியது. வரிசையிலிருந்து தேவகி கையைத் தூக்கினாள். “டீச்சர், அவளுக்குத் தொண்டை கட்டிக்கினு இருக்குது. எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. நான் சொல்லட்டுமா?” பிறகு அவள் மேடைக்கு வந்து என் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் பேசினாள். ஒவ்வொன்றையும் “மல்லிகா சொன்னா” என்றுதான் ஆரம்பித்தாள். விடியற்காலையில் மல்லிகா பார்த்தாள், மல்லிகா எண்ணினாள், மல்லிகா கையில் மணல் ஒட்டியிருந்தது. தான் பார்த்த கடலை என் பெயரில் சொல்லிவிட்டு இறங்கிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள். கைதட்டியது எனக்கு.

அவள் அவ்வளவு செய்தும் நான் அந்தக் கார்த்திகையில் பள்ளியை விட்டேன். அப்பாவுக்கு முதுகு வலி வந்து, இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்ய முடியாமல் போனது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள் என்று தேவகிதான் வந்து சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் அழவில்லை.

அடுத்த பங்குனியில் உங்கள் முகாமிலிருந்து மல்லிகாவுக்கு ஒரு கடிதம் வந்தது. போன வருஷம் மல்லிகா எழுதிய குறிப்பு நோட்டுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவ இந்த வருஷமும் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. தேவகி அதை இரண்டு முறை உரக்கப் படித்தாள். “ஆமைக் குழியை நான்தான் காட்டணுமாம்டி. எனக்குத்தான் எல்லா இடமும் தெரியுமாம்.” அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“வேணாம்,” என்றேன்.

“ஏன்டி?”

“பேரு என்னுது.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கடிதத்தை மடித்துத் தறிப் பலகை மேல் வைத்தாள். “உன்னுதுதான்டி. வெச்சிக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் எப்போதும்போல வந்தாள், எப்போதும்போலக் கேலி பேசினாள். முகாமைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. உங்களிடம் சொல்கிறேன். பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். மல்லிகா என்ற பெயரில் ஒரு மாணவி மிச்சமிருந்தது உங்கள் முகாமில் மட்டும்தான். அந்த மாணவியும் நான் இல்லை, தேவகி என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு அது எத்தனை பெரிய ஆசை என்று தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

இந்த ஐப்பசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தறியில் இருந்த புடவையை முடித்துவிட்டுப் பார்க்கப் போகலாம் என்று இருந்தேன். நாலே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் அம்மா என்னை உட்காரச் சொன்னார். வீடு வீடாகப் பட்டு நூல் வாங்கிவந்து சுற்றிக் கொடுக்கிறவர். அன்றைக்கும் மடியில் நூல் இருந்தது. “சமுத்திரத்துக்குப் போயிட்டு வந்தாளே, அங்க இருந்தவங்களுக்குச் சொல்லியாச்சாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அந்த அஞ்சு நாளைப் பத்தியே பேசிக்கினு இருப்பா. அவங்க யாராச்சும் என் பொண்ணைப் பத்தி ரெண்டு வரி எழுதினா வெச்சிக்குவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சிக் காட்டு,” என்றார். அவள் என் பெயரில் போனது அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே அவளை ஒருவரும் தேவகி என்று கூப்பிட்டதே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

செய்தது தப்பு என்று தெரிகிறது. அதற்கு அவளைக் குறை சொல்லாதீர்கள், என்னைச் சொல்லுங்கள். முகாம் அலமாரியில் அந்தக் குறிப்பு நோட்டு இருந்தால் அட்டையில் உள்ள பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதிவிடுங்கள். கையெழுத்து அவளுடையதுதான்.

நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அவள் சொன்ன கடல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவள் போய்வந்த ஐந்து நாட்களை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் போகவிடாத ஐந்து நாட்களும் என்னிடமே இருக்கின்றன. அவற்றை யாரிடமும் கொடுக்க முடியாது.

உங்களில் யாருக்காவது அவளைப் பற்றி ஏதாவது நினைவிருந்தால், சின்ன விஷயமாக இருந்தாலும், எழுதி அனுப்புங்கள். அவள் என்ன சொல்லிச் சிரித்தாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எதுவானாலும் போதும். அவள் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். நான் படிக்கும்போது ஒரு இடத்திலும் என் பெயர் வரக்கூடாது.