அன்புள்ள பேய்களே

எண்பதுகளின் பிற்பாதியில் சிங்கப்பூரின் பூன் லேயில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்தெருவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அந்த நேரத்தில் மடியில் வைத்தே கட்டுரை நோட்டுகளைத் திருத்திவிடுவேன். பஸ் குலுங்கினால் சிவப்புக் கோடு நீண்டுவிடும். நீளமான கோடு பெரிய தவறுக்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்ததில்லை.

ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கேலாங்கில் இருந்த இன்னொரு பள்ளியின் மாணவர்களுக்கு எங்கள் மாணவர்கள் கம்ப்யூட்டரில் கடிதம் எழுதப்போகிறார்களாம். டெலிபோன் கம்பி வழியாக அது அங்கே போய்ச் சேருமாம். கடிதம் ஆங்கிலத்தில் என்பதால் பொறுப்பு எனக்கு. டைப்ரைட்டரைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் நான் தொட்டதில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லிக்கொடுக்க முன்வந்தவர் எங்கள் கணித ஆசிரியர். என் வயதுதான். சிராங்கூன் ரோட்டில் அவருடைய அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் சேலைகளில் பாதி அங்கே எடுத்தவை. சனிக்கிழமை மதியங்களில் பள்ளி அலுவலகத்தின் மூலையில் உட்கார்ந்து பழகினோம். ரிசீவரை எடுத்து மோடம் என்ற பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்தால், அது பூனைச் சண்டை மாதிரிக் கத்தும். பிறகு திரையில் பச்சை எழுத்துகள் வரும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ரகசியச் சொல் கேட்கும். எனக்கு நினைவிருக்கட்டும் என்று, வகுப்பில் நான் தினமும் சொல்லும் ‘குட் மார்னிங் கிளாஸ்’ என்ற காலை வணக்கத்தையே அவர் ரகசியச் சொல்லாக வைத்திருந்தார்.

முதன்முறை தனியாக முயன்றபோது மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் ஏற்காமல் இணைப்பு அறுந்தது. என்ன அடித்தீர்கள் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக்காட்டச் சொன்னார். எழுதினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சர், நடுவுல கமா போட்டிருக்கீங்க. கடைசில ஃபுல்ஸ்டாப்பும் வச்சிருக்கீங்க.”

“வாக்கியம் முடிஞ்சா வைக்கணும்தானே சார்?”

“அதுக்கு கிராமர் தெரியாது லா. நான் எப்படி வச்சேனோ அப்படியே கேக்கும்.”

பதினெட்டு வருடமாக முற்றுப்புள்ளி வைக்காத பிள்ளைகளை நிற்கவைத்தவள் நான். அதை வைக்காமல் விடுவதற்கு விரலைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் வகுப்பின் சார்பில் முதல் கடிதத்தை நானே அடித்தேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போய்விட்டால் திரும்பிவர வழியில்லை. அதனால் மெதுவாக அடித்தேன். அனுப்பியும் விட்டேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். கேலாங்குக்கு பஸ்ஸிலேயே போய்க் கொடுத்திருக்கலாமே என்றார்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பிரிண்டரிலிருந்து ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளைக் கிழித்துப் படித்தேன். ‘பேய்களாகிய நாங்கள் இங்கே நலம். அங்குள்ள பேய்கள் நலமா?’ என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில், நண்பர்கள் என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஆர்’ என்ற எழுத்து விழவேயில்லை. அந்த ஓர் எழுத்து போனால் நண்பர்கள் பேய்களாகிவிடுவார்கள்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போனேன். கணித ஆசிரியர் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார்.

“மறைச்சிடாதீங்க டீச்சர். கிளாஸ்ல அப்படியே படிங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க.”

மறுநாள் படித்தேன். என் கடிதத்தின் முதல் வரியையும் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண், இதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள் என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிவப்புச் சாக்கட்டியை அவளிடம் நீட்டி, நீயே வட்டமிடு என்றேன். வந்து, பெரியதாக, மிகவும் ரசித்து வட்டமிட்டாள்.

அந்த வாரம் அவர்கள் எழுதிய கடிதங்களைப் போல நீளமானவற்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு வரிக்குமேல் எழுதாதவர்கள்கூட ஒரு பக்கம் எழுதினார்கள். தப்புகளும் ஒரு பக்கம் இருந்தன. அனுப்பும் முன் அவர்களே ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

டிசம்பர் விடுமுறையில் இரண்டு வகுப்பும் கடற்கரையில் சந்தித்தோம். கேலாங் பள்ளியின் ஆசிரியரை நான் ஏதோ கம்ப்யூட்டர் படித்த இளைஞர் என்று கற்பனை செய்திருந்தேன். வந்தவர் ஓய்வுபெறப்போகும் சீனப் பெண்மணி. அந்தப் பதிலை ஒற்றை விரலால் அடிக்கத் தனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆனது என்றார். பிள்ளைகள் தண்ணீரில் ஆட, நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.