இன்டர்வெல் வரைக்கும் போதும்

இது நிஜமாக நடந்தது.

வனமாமலை என்கிற நான் வாயைத் திறந்தால் பாதி புளுகு என்று ஒரகடம் பக்கம் வேன் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். வல்லக்கோட்டை வளைவில் ஒரு பேய்க்கு லிஃப்ட் கொடுத்தேன், அது சீட் பெல்ட் போட மாட்டேன் என்று அடம் பிடித்தது என்று நானே டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். அது பொய். மறு பேச்சு பேசாமல் போட்டுக்கொண்டது. ஆனால் இந்தக் கதையில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இதைவிட நல்ல முடிவாக வைத்திருப்பேன்.

நான் ஓட்டியது ஒரு கம்பெனியின் காண்ட்ராக்ட் வேன். ஓ.டி. முடிந்து வருகிற பெண்களையும் பையன்களையும் ஏழரை மணிக்கு கேட்டில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் ஹாஸ்டல்களில் இறக்கிவிட வேண்டும். ஒரு மணி நேர ஓட்டம். அந்த ஒரு மணி நேரமும் சினிமாதான்.

வாரத்தில் யார் என்ன படம் பார்த்தார்களோ அதைச் சொல்வார்கள். தீர்ப்பு என் கையில். ஒரு ஹாரன் அடித்தால் மொக்கை. இரண்டு அடித்தால் பார்க்கலாம். மூன்று அடித்தால் தாறுமாறு. ஒருவர் இன்னொருவரைக் காட்டி "நீ இதைப் பாரு" என்று சொல்லிவிட்டால், அவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை வேனில் வந்து கருத்து சொல்ல வேண்டும். இதுதான் வேன் சட்டம்.

கலைமணிக்கு எல்லாப் படமும் மொக்கை. அவளுடைய ரூம்மேட் ஷாரோனுக்கு எல்லாப் படமும் சூப்பர். ஷாரோன் நாகர்கோவில் பக்கத்துப் பெண். விளம்பரத்துக்கே அழுவாள். அதே கம்பெனியில் வேறு லைனில் வேலை பார்க்கும் ஜெபகுமாருடன் ஜனவரியில் கல்யாணம். சர்ச்சில் வாசிக்கிற மூன்று கல்யாண அறிவிப்பு ஓலைகளில் ஒன்று வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி.

அக்டோபர். செவ்வாய்க்கிழமை. மழை. மணி ஏழு நாற்பது.

கடைசி சீட்டிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"நான் ஒரு படம் பார்த்தேன்."

கடைசி சீட்டுக்கு மேலே பல்பு எரியாது. கண்ணாடியில் இருட்டுதான் தெரிந்தது. யாரோ எனக்குத் தெரிந்த ஆள், ஓசியில் ஏற்றியிருக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் கம்பெனி ஆள் என்று நான் நினைத்தேன்.

மெதுவான குரல். தொண்டை அறுபட்ட மாதிரி இருந்தது. படத்தின் பெயரைச் சொல்லி, ஒரு படகில் மாட்டிக்கொள்ளும் ஏழு பேரின் கதையைச் சொன்னான். எல்லாரும் பின்பக்கம் திரும்பிக் கேட்டார்கள். அவன் முடித்ததும் ஹாரன் மூன்று முறை அடித்தது. என் கை ஹாரனில்தான் இருந்தது. ஆனால் அடிக்கணும் என்று நான் நினைக்கவில்லை...

"அண்ணே, இன்னாண்ணே கலாய்க்கிறீங்களா?" கலைமணி கடைசி சீட்டுப் பக்கம் செல்போனைக் காட்டினாள். "இந்தப் படம் வெள்ளிக்கிழமைதான் ரிலீஸே ஆவுது."



ஸ்டேஷன் ரோட்டில் எல்லாரும் இறங்கினார்கள். கடைசி சீட்டைப் போய்ப் பார்த்தேன். காலி. எனக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. மூன்று டீ குடித்தேன்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. படகு. ஏழு பேர். அவன் சொன்ன வசனம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் குரல் மறுபடி கேட்டது. வேனில் ஒரே கூத்து. அவன் சினிமாக்காரன், எடிட்டிங்கில் வேலை செய்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். "அண்ணே, எனக்கு ஒரு படம் சொல்லுண்ணே" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் ஒவ்வொருத்தருக்கும் சொன்னான். இன்னும் பெயரே வைக்காத படங்கள். பொங்கல் படம், சித்திரையில் வரும் படம். கலைமணிக்கு ஒரு டிசம்பர் படம்.

ஷாரோனுக்கு மட்டும் சொல்லவில்லை.

"எனக்கு?"

"உனக்கு வேணாம்."

"அதெப்படி? வேன் சட்டம் இருக்குல்லா? சொல்லுங்கண்ணே."

வைப்பர் மட்டும் ஓடியது. சரக்... சரக்...

"இந்த ஞாயித்துக்கிழமை, புதுசா வர்ற நர்ஸ் படத்தைப் பாரு. இன்டர்வெல் வரைக்கும் போதும்."

வேனே சிரித்தது. "செகண்ட் ஹாஃப் மொக்கைன்னு இன்னா அழகா சொல்றாரு பாரு!" என்று கலைமணி கைதட்டினாள். அப்படித்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். படம் பார்க்கிறவன் புத்தி அவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் விமர்சனம் என்றே காதில் விழும்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் மொக்கை என்று சொல்லவில்லை. போதும் என்றான்.

"அந்தப் படத்துக்குப் போவாத பாப்பா" என்று வியாழக்கிழமை ஷாரோனிடம் சொன்னேன்.

"தாத்தா, நீங்க சீட் பெல்ட் போட்ட பேயைப் பாத்த ஆளு. உங்க பேச்சைக் கேக்கணுமாக்கும்?"

என்ன செய்வது? பொய் சொல்லியே பேர் வாங்கியவன் நான். ஜெபகுமாரைக் கூடப் போகச் சொல்லலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓ.டி. கடைசியில் நானே வேனில் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டரை மணி ஆட்டம். ஷாரோன், கலைமணி, நான். இன்டர்வெல்லோடு அவளை வெளியே இழுத்து வந்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு நர்ஸின் கதை. நான் திரையைப் பார்க்கவில்லை. ஷாரோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அழுதாள். வழக்கம்போல பாப்கார்ன் தின்றாள்.

மூன்று ஐம்பதுக்கு லைட் எரிந்தது.

"வா பாப்பா. போலாம்."

"இப்பதானே சூடு பிடிக்கு!"

"எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றேன். அது பொய்தான். ஆனால் உடனே எழுந்துவிட்டாள். "நீ இரிடீ, நான் தாத்தாவைப் பாத்துக்கிடுதேன்" என்று கலைமணியை அங்கேயே உட்கார வைத்தாள். அப்படிப்பட்ட பெண் அவள்.

தியேட்டர் பின்னால் புளியமரத்தடியில் வேன் நின்றது. நல்ல வெயில். பட்டப்பகல். அவளை நடு சீட்டில் உட்கார வைத்தேன். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கதவைப் பூட்டினேன். அவள் ஜெபகுமாருக்கு மெசேஜ் அனுப்பினாள்.

மணி நாலு ஐந்து.

தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"இப்ப வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"அந்த நர்ஸு என்ன ஆவான்னு தெரியாமலே வந்துட்டோமே தாத்தா..."



எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான் சொல்றேன்."

எனக்குக் கழுத்து திரும்பவில்லை. கை அசையவில்லை. கண்ணாடியில் கடைசி சீட் தெரிந்தது. அவ்வளவு வெயிலிலும் அங்கே மட்டும் இருட்டு.

"அந்தப் பொண்ணு பாதியில வெளிய வந்துடுவா. வெளிய வந்தா பொழைச்சுக்கலாம்னு ஒரு கிழவன் சொல்லுவான். ஒரு வண்டில உக்கார வைப்பான். கதவைப் பூட்டுவான்..."

ஷாரோன் திரும்பிப் பார்க்கவில்லை.

நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்ல கதை கேட்கிற மாதிரி...

கண்ணில் தண்ணீர்.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்ளோதான்."

அவள் கையிலிருந்து போன் விழுந்தது.

டப்.

மணி நாலு இருபத்திரண்டு.

எனக்குக் கை கால் அசைந்தது. திரும்பினேன். கடைசி சீட் காலி. ஷாரோன் கண் திறந்தபடி இருந்தாள். வயது இருபத்து நாலு. ஹார்ட் என்றார் டாக்டர். அன்று காலையில்தான் இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள்.

லிஃப்ட் கதவு திறந்து நர்ஸ் வெளியே வருவதோடு படம் முடிகிறதாம். கலைமணி சொன்னாள். கிழவன் யாரும் கிடையாது. வண்டியும் கிடையாது.

இத்தோடு முடிந்திருந்தால், நான் பார்த்த பேய்க் கணக்கில் ஒன்று கூடியது என்று விட்டிருப்பேன்.

எட்டு நாள் கழித்து காண்ட்ராக்டர் வேல்ராஜ் கூப்பிட்டான். பெண்கள் வருகிற வேன் என்பதால் உள்ளே கேமரா வைத்திருக்கிறார்கள். போலீசுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஜெபகுமாரும் அங்கே இருந்தான். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருசு, நீயே பாரு" என்றான் வேல்ராஜ்.

செவ்வாய்க்கிழமை மழை. வேன் ஓடுகிறது. கடைசி சீட்டில் ஆள் இல்லை. படகுக் கதை கேட்கிறது. எல்லாரும் பின்பக்கம் திரும்பிக் கேட்கிறார்கள்.

அவர்களுக்குப் பின்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் வாய் அசைகிறது.

திங்கட்கிழமையும்.

ஞாயிற்றுக்கிழமையும். நாலு ஐந்திலிருந்து நாலு இருபத்திரண்டு வரைக்கும்.

ஜெபகுமார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஏன் தாத்தா?"

எனக்குப் பதில் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. போலீஸ், கிழவன் ஏதோ கதை சொல்லியிருக்கிறான், கதை சொல்வது குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். வேனை நானே விட்டுவிட்டேன்.

அந்தப் பதிவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கவனித்தது நாங்கள் மூன்று பேர்தான். போன் விழுந்த பிறகு, நான் திரும்புவதற்கு முன்னால், என் வாய் இன்னொரு முறை அசைகிறது. "கலைமணிக்கு டிசம்பர் வரைக்கும் இருக்கு."

நேற்று சாயந்திரம் ஆறு பத்துக்கு கலைமணி போன் செய்தாள். டிசம்பர் படத்தைப் பார்த்துவிட்டாளாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படம் சூப்பர் என்றாள்.

"பொங்கலுக்கு நான் இன்னா படம் பாக்கலாம்? நீயே சொல்லு தாத்தா."

எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"தாத்தா... லைன்ல கீறியா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் எந்தக் குரல் வருமோ...