சகலையின் கால்பந்தை அழித்தேன்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் எனக்குச் சகலை. அவருக்கு எல்லாமே என்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் அமையும்: டிவி, தொப்பை, வலையில் விழும் இறால். நாங்கள் இருவரும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேம் பெட்டியும் அவர் வீட்டு டிவிக்குக் கீழேதான் போய் உட்கார்ந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை, எரிச்சல் மட்டும்தான்.

பெட்டிக்குள் மூன்று பெரிய ஆட்டங்களுக்குத்தான் இடம். அதைப் பங்கு போட எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பாடு. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று சீட்டெடுத்து முறை வைப்போமே, அதுதான். ஒருவருக்கு இரண்டு பங்கு, மற்றவருக்கு ஒன்று, மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொள்வது. முதல் சீட்டை என் மனைவி எடுத்தாள். சகலைக்கு இரண்டு. கட்டினவள் கைகூட என் பக்கம் இல்லை.

அவர் கால்பந்தையும் கார் பந்தயத்தையும் ஏற்றிக்கொண்டார். நான் பொன்னேரிக்குப் போய் ஒரு மீன்பிடி ஆட்டத்தின் டிஸ்க்கை வாங்கி வந்தேன்.

"ஏரியில மாட்டல, டிவியிலயாச்சும் மாட்டட்டும்னு வாங்கினியா சகல?"

உண்மை அதுதான். அதனால்தான் கோபம் வந்தது. "என் ஆட்டம் முழுசும் டிஸ்க்குலயே கீது. உன் பெட்டியில எடமே வாணாம்" என்றேன்.

டிஸ்க்கைப் போட்டதும், என் பங்கைப்போல ஒன்றரை மடங்கு இடம் கேட்டது பெட்டி.

"டிஸ்க்குல சுருக்கி வெச்சிருக்கான் சகல. வலைய மடிச்சா கூடையில அடங்குது. விரிச்சா அடங்குமா?"

இது அவருக்குத் தெரிந்திருந்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கோல் போடும்போதெல்லாம் ஒரு வர்ணனையாளன் கத்துவான். அவன் ஐந்து மொழியில் கத்துவானாம். அந்த ஐந்து வாயும் என் மீன்களின் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

ஒருநாள் அவர் இறாலுக்குப் போன நேரம் பார்த்துக் கால்பந்தை அழித்தேன். அவருடைய டிஸ்க்தான் அலமாரியில் இருக்கிறதே, திரும்பப் போட்டுக்கொள்ளட்டும் என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொன்னேன். என் ஆட்டம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

திரும்பி வந்த சகலை அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் காட்டினார்.

"டிஸ்க்குல கீறது பழைய ஆட்டம் சகல. அப்பால வந்த புது டீமு, திருத்தம் அத்தினியும் செல்போன் நெட்டுல பத்து நாளா எறக்கினேன். மாடியில, கையத் தூக்கினு நின்னு." டிஸ்க்கை என் கையில் வைத்தார். "அடுத்தவன் மொறையில வலை போட்டா நம்ப சட்டம் இன்னா?"

"மீனு மொறைக்காரனுக்கு" என்றேன்.

"நல்லா வேணும்யா உனக்கு" என்றாள் அங்கே நின்றிருந்த என் மனைவி, யாரும் கேட்காமலே.

அப்படித்தான், கார் பந்தயத்தை அவரே அழித்து இடம் பண்ணிக்கொடுக்க, நான் அவர் வீட்டு மொட்டை மாடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய கால்பந்தின் மிச்சத்தை இறக்கிக்கொண்டு நின்றேன். கீழே அவர் என் ஆட்டத்தில் முதல் தூண்டிலைப் போட்டார்.

"சகல! எறங்கி வா! கொடுவா மீனு மாரி ஒண்ணு, உன் ஒசரம் கீது!"

இறங்கினால் சிக்னல் போய்விடும். கையைத் தூக்கியபடியே கத்தினேன்: "டிவி பெருசு சகல, அதான் அப்டி தெரியுது!"