நின்றபடி குடித்த டீசல்

லொறி ஓட்டுவது என்பது பாதி ஓட்டம், மீதி காத்திருப்பு. மீன் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், ஐஸ் உடைத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டும், சோதனைச் சாவடியில் முன்னால் நிற்கிற வாகனம் அசையும்வரை காத்திருக்க வேண்டும். எண்பத்து நாலிலிருந்து தொண்ணூற்றைந்து வரை யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு சம்மாட்டியாரின் லொறிக்கு நான் சாரதி. வள்ளமும் வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்துகிறவரைச் சம்மாட்டியார் என்பார்கள்; அவரை வீட்டிலும் வெளியிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நின்ற லொறிக்குள் இருந்து வெந்தவர்களும், நின்ற லொறியின் புகையை வெளியில் நின்று குடித்தவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்றால், இரண்டு பகுதியாருக்கும் என் அனுதாபம். நான் இரண்டையும் அனுபவித்தவன்.

பெட்டியும் காற்றாடியும்

எங்கள் லொறிக்கு மூக்கு இல்லை. எஞ்சின், சாரதிக்கும் பக்கத்து ஆசனத்துக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. சாப்பாட்டுப் பார்சலை அதன்மேல் வைத்தால் வவுனியா வரை ஆறாது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் என் நிலைமை விளங்கும். கொழும்புக்கு மீன் கொண்டுபோன ஒரு நாள், பழைய சாமான் கடையில் சின்னக் காற்றாடி ஒன்றை வாங்கி வந்து கண்ணாடிக்கு மேலே பூட்டினேன்.

பற்றரி கிழடு. எஞ்சின் ஓடினால்தான் காற்றாடி சுற்றும். நிறுத்தினால் அதுவும் மூச்சை விட்டுவிடும். ஆகவே எங்கே காத்திருந்தாலும் எஞ்சினை ஓடவிட்டுக் காற்று வாங்குவது பழக்கமாகிவிட்டது. எங்கள் கிளீனர் செல்லத்துரை அண்ணைக்கு என்னைவிட வயது அதிகம், பேச்சு மிகக் குறைவு. ஒரு மத்தியானம் அந்தக் காற்றாடிக்குக் கீழே இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி மணியம், நாங்கள் டீசலைக் குடுத்துச் சூட்டை வாங்கிறம். பேந்து அந்தச் சூட்டைக் கலைக்கவும் டீசலைக் குடுக்கிறம்."

வெங்காயம் ஏற்றப் போன இடத்தில்

கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வருகிற நாட்களில் மீன் இல்லை. அப்போது வெங்காயம் ஏற்றுவோம். பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரர் வெங்காயப் பிடிகளை நிறுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் எஞ்சினை ஓடவிட்டு, காற்றாடியைப் போட்டு, ஆசனத்தில் சரிந்து நல்ல நித்திரை. எழும்பிப் பார்த்தால் மூட்டைகள் எல்லாம் ஏறிவிட்டன. மனிதர் கிணற்றுக் கட்டில் இருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்: "உந்த எண்ணெயை என்ரை தண்ணி இறைக்கிற மெசினுக்கு விட்டிருந்தால் இவ்வளவுக்குள்ளை ரெண்டு தோட்டத் தறைக்குத் தண்ணி மாறியிருப்பன், தம்பி. நீர் படுத்திரும், பறவாயில்லை."

சம்மாட்டியாரின் குச்சி

சம்மாட்டியார் ஏசுகிற ஆள் அல்ல. லொறி வந்து நின்றதும் ஒரு மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுப்பார். ஈரம் ஏறிய இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த விரல் ஏச்சைவிட மோசம். அவர் பழகியது வள்ளத்து மோட்டாரோடு. வலைக்குக் கிட்டப் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். நடுக்கடலில் எண்ணெய் முடிந்தால் தள்ளிவிட ஆள் வராது. நின்ற இடத்தில் எண்ணெய் எரிப்பது அவருக்கு ஆக்கிய சோற்றைக் கடலில் கொட்டுவது மாதிரி.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், என் காற்றாடிக்குப் பக்கத்தில் இரண்டு பனையோலை விசிறிகள் கயிற்றில் தொங்கின. ஒன்று எனக்கு, மற்றது செல்லத்துரை அண்ணைக்கு. சம்மாட்டியார் வாசலில் நின்று சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "உதுக்கு டாங்கி இல்லை. கை உளைஞ்சால் மற்றக் கையாலை விசுக்குங்கோ."

ஆனையிறவில் மதலேனம்மா

எண்பத்தாறு ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போனோம். வருடம் முழுக்க மீன் ஏற்றிய லொறியைக் கழுவி, பாய் விரித்து, குருநகர்ச் சனத்தைப் பின்னால் ஏற்றியிருந்தோம். சம்மாட்டியாரும் அவர்களோடு பின்னால்தான். அவர் மனைவி மதலேனம்மா மட்டும் முன்னால், என் பக்கத்தில். அவவுக்கு மூச்சு இழுக்கிற வருத்தம், தொய்வு என்போம். தூசியும் ஆகாது, கூதல் குளிரும் ஆகாது.

ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் லொறிகள் வரிசையாக நின்றன. உப்பு வெளி, ஒரு மரம் இல்லை. நான் காற்றாடியைப் போட்டேன். மதலேனம்மா அதற்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், செபமாலை கையில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டா. மனிசி செபத்தை மறந்துவிட்டா என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சம்மாட்டியார் இறங்கி வந்து ஜன்னலில் தட்டினார். வழியில் எண்ணெய்க் கடைகள் திறந்திருக்குமோ தெரியாது, திரும்பி வரவும் டீசல் வேண்டும், நிப்பாட்டு என்றார். நியாயம்தான். நிறுத்தினேன். எனக்கு மனம் கேட்கவில்லை. மதலேனம்மா ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தினா: "அவர் சொல்லுறதும் சரிதான், தம்பி. வருசத்திலை ஒருக்கால் வாற காத்து எண்டு ஆசைப்பட்டிட்டன்."

தள்ளிய வாத்தியார்

தொண்ணூறில் சண்டை மூண்டு, தெற்கே போகிற பாதை பூட்டிக்கொண்டது. டீசல் வரத்து நின்றது, பற்றரிக்கும் தடை. மண்ணெண்ணெயில் சமையல் எண்ணெயைக் கலந்து ஓடினோம். லொறி போன தெருவில் பலகாரச் சட்டி கவிழ்ந்த மாதிரி மணம். எங்கள் பற்றரி செத்தே போனது. தள்ளினால்தான் எஞ்சின் பிடிக்கும். காற்றாடிக்காக நிறுத்தாமல் விட்ட எஞ்சினை இப்போது தள்ள ஆள் இல்லை என்று நிறுத்தாமல் விட வேண்டி வந்தது. சம்மாட்டியாரோ நின்றால் நிறுத்து என்ற தன் சட்டத்தை மாற்றவில்லை.

கோப்பாயில் ஒரு காலை கருவாடு இறக்கினோம். சட்டப்படி நிறுத்தினேன். சைக்கிளில் போன ஒரு வாத்தியார், வெள்ளை வேட்டியோடு இறங்கிவந்து தள்ளிவிட்டார். அடுத்த சந்தியில் இன்னும் இரண்டு மூட்டை இறக்க வேண்டியிருந்தது, மறுபடியும் நிறுத்தினேன். பின்னால் சைக்கிளில் வந்தவர் அதே வாத்தியார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளைக் கொடுக்குமுன் கேட்டார்: "தம்பி, நீர் மிச்சம் பிடிக்கிறது ஆரின்ரை எண்ணெயை? காலமை நான் குடிச்ச கஞ்சி எல்லோ இதிலை எரியுது."

உப்பு மூட்டைகளுக்குப் பின்னால்

சம்மாட்டியார் ஒரு பெரிய கலன் நிறைய டீசல் ஒளித்து வைத்திருந்தார். கலப்பில்லாத சுத்த டீசல். கருவாட்டுக் கொட்டிலில் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கால் மூடி இருந்தது. அது தொழிலுக்கு அல்ல. பாதை திறந்த அன்றைக்கு மதலேனம்மாவை மடுவுக்குக் கூட்டிப்போக. கிளாலிக் கடலேரியில் வள்ளமேறி மறுகரைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அந்தக் கடற்காற்று அவவின் நெஞ்சுக்கு ஆகாது. லொறிதான், பாதைதான் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் பாதை திறக்கப் போகிறது என்று ஊரெல்லாம் கதை. பங்குனியில் ஒரு நாள் மதலேனம்மா ஈரத் துணியோடு லொறிக்குள் ஏறி, ஐந்து வருடத் தூசி படிந்த அந்தக் காற்றாடியை இதழ் இதழாகத் துடைத்தா. சுற்றுமோ என்று ஒருக்கால் பார்ப்பம் என்று கேட்டா. எஞ்சின் ஓடினால் சுற்றும் என்றேன். கலப்பெண்ணெயும் அன்று டாங்கியில் இல்லை, கலனைத்தான் திறக்க வேண்டும். சம்மாட்டியார் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவ இறங்கி வந்து துணியைப் பிழிந்துகொண்டு என்னிடம் சொன்னா: "மடுவுக்குப் போகேக்கை போடுவமாம். இவ்வளவு காலம் பொறுத்தனான், இன்னும் கொஞ்சம் பொறுக்கிறன்."

செம்மணி வெளியில்

பாதை திறக்கவில்லை. ஐப்பசி முடிவில் இராணுவம் கிட்ட வர, யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளிக்கிட்டது. சம்மாட்டியார் கலனைத் தூக்கி வந்து டாங்கியில் ஊற்றினார். அளவு பார்க்கிற குச்சியை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை. அயலட்டைச் சனத்தைப் பின்னால் ஏற்றி, மதலேனம்மாவை முன்னால் இருத்தி, சாவகச்சேரிக்கு என்று புறப்பட்டோம். செம்மணி வெளிக்கு வரும்போது விடிந்துவிட்டது. தெரு நிறையச் சனம், சைக்கிள், மாடு, மூட்டை. மேலே மழை. கால் வைக்க இடமில்லாத இடத்தில் லொறி எங்கே அசைவது?

கை பழகியபடி எஞ்சினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூதல் ஏறியது. மதலேனம்மாவுக்கு இழுக்கத் தொடங்கியது. செல்லத்துரை அண்ணை அவவின் கையைப் பிடித்து அந்தத் தகரப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தார், பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்துகொண்டு நின்ற சம்மாட்டியார் ஜன்னலில் தட்டினார். ஆனையிறவில் தட்டிய அதே தட்டு. "ஸ்டார்ட் பண்ணு" என்றார். முன்னால் நின்ற சனம் நெருக்கி ஒதுங்கிக் கொஞ்சம் இடம் விட்டது. பின்னால் நின்றவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. பெட்டி சூடேறியது. அவ இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, முதுகைச் சாய்த்து, மெல்ல மெல்ல மூச்சுக்கு வந்தா. பின்னால் இருந்த ஒரு தாய் குழந்தையின் நனைந்த துணிகளை உள்ளே நீட்டினா. அவையும் பெட்டியின்மேல் காய்ந்தன.

மூச்சு வந்ததும் மதலேனம்மா சொன்ன முதல் சொல், "இஞ்சருங்கோ, மடுவுக்கு வைச்ச டீசலெல்லே, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்பதுதான். சம்மாட்டியார் அவவைப் பார்க்காமல், "ஓடட்டும்" என்றார். பின்னேரம் வரைக்கும் ஓடியது. நாவற்குழிப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் டாங்கி வற்றி, எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. லொறியை ஓரமாகத் தள்ளி, அங்கேயே விட்டோம். செல்லத்துரை அண்ணை யாரிடமோ சைக்கிள் வாங்கி, மதலேனம்மாவைக் கரியரில் இருத்தி, சாவகச்சேரி வரை உருட்டிக்கொண்டு போனார்.

அந்த மார்கழியில், நாங்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், தொய்வோடுதான் அவ காலமானா. அடக்கம் முடிந்து நாங்கள் மூன்று பேரும் மதிலோரம் நின்றோம். லொறி என்ன ஆனதோ என்று செல்லத்துரை அண்ணை, ஏதாவது கதைக்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டார். சம்மாட்டியாருக்கு அது காதில் விழவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பங்குனியிலை கேட்டவள், மணியம். அண்டைக்கு உந்தக் காத்தாடியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கலாம்."

பதினொரு வருடம் அந்த லொறியை ஓட்டியதில், மடு வரை போய்வரச் சேர்த்த டீசலை செம்மணி வெளியில் அரைக் கட்டை, அதாவது அரை மைல், தூரம்கூடப் போகாமல் நின்றபடி குடித்துத் தீர்த்த அந்த ஒரு நாள் மட்டும்தான் சம்மாட்டியாருக்கும் எனக்கும் எண்ணெய்க் கணக்கில் இழுபறி வரவில்லை.