வளையோதெரப்பி

மதிய நேரத்தில், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்குக் கொடுத்திருந்த எங்கள் வீடு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருக்கும். நாலு பக்கமும் ரப்பர் மரங்கள். இலைகளுக்குள் புகுந்து வருகிற வெளிச்சம் ஜன்னலுக்கு வரும்போது பச்சையாகிவிடும். ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதிவிட்டு வந்து பாயில் சாய்ந்த என் வீட்டுக்காரர், ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "இது வீடில்ல, தூங்கேரியம்."

மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டி அக்குவேரியம் என்றால், மனிதர் தூங்குகிற தொட்டி தூங்கேரியம்தானே? எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் மலாக்கா கான்வென்டில் கொஞ்சம் படித்தவள். அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. தோட்டத்தில் நாட்டுக் கன்றின் அடியில் நல்ல பால் மரத்தின் மொட்டை வைத்து ஒட்டுக் கட்டுவார்கள். நாங்கள் தமிழிலோ மலாயிலோ வேரை எடுத்து, இங்கிலீஷ் துளிரை அதில் கட்டினோம்.

மழைக்கு மலாயில் ஹுஜான். மழை பெய்து, பாலுக்கு மரம் சீவப் போகாத நாளில் உடம்பில் ஏறும் இன்பமான சோம்பலுக்கு ஹுஜானைட்டிஸ். வாசல் கேட்டில் காவலர்கள் எங்கள் பைகளுக்குள் அரிசி இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பிக்குச் சோறோமீட்டர். இந்தக் கடைசிச் சொல் என்னுடையது. அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

அது மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் எமர்ஜென்சி காலம். செலண்டார் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, அரிசியோ சமைத்த சோறோ எந்தக் கேட்டையும் தாண்டக் கூடாது, ரோட்டிலும் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் அரிசி. சாயங்காலமானால் ஊரடங்கு. வேலிக்குள் எங்களுக்கு மிச்சமிருந்தது சொல் செய்கிற விளையாட்டு மட்டும்தான்.

எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அம்மா வர வேண்டும், அவள் கையால் ஐந்து வகைச் சோறு ஊட்ட வேண்டும். எத்தனையோ இரவு அந்தப் புளிச்சோற்றின் வாசம் கனவில் வந்தது. விழித்தால் தலையணை நனைந்திருக்கும். ஆனால் விருந்து என்று அனுமதி கேட்டவர்கள் எல்லாருக்கும் இல்லை என்ற பதில்தான் வந்திருந்தது. "அம்மா வெறுங்கையோட வந்தா போதும்லா" என்று வீட்டுக்காரரிடம் வாயளவில் சொன்னேன். மனசுக்கு அது போதவில்லை.

அம்மா பெம்பானில் இருந்தாள். வளைகாப்பு அன்று பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, நான் காத்து நின்ற கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் அடுக்குப் பாத்திரம், தோளில் வளையல் பை. வழியில் யாரும் சோதிக்கவில்லை. மாரியாத்தாதான் கண்ணைக் கட்டியிருக்க வேண்டும்.

காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் மூடியைத் திறந்து பார்த்துப் பதறினான். "தா போலே, மக்சிக்!" கூடாது, அம்மா, கூடாது.

"இது அரிசி இல்லைய்யா, வளைகாப்புச் சோறு" என்றாள் அம்மா. சட்டம் காட்டுக்காரர்களுக்குப் போட்டது, மாசமாக இருக்கிற மகளுக்கு இல்லை என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரப் போலீஸ் துரையின் ஜீப் வந்து நின்றது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க இங்கிலீஷில் சொன்னார்:

"வளையோதெரப்பி, சார். ஏழாம் மாதத்துக்கு எங்கள் வைத்தியம். தாயின் கையால்தான் கொடுக்க வேண்டும்."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. துரைக்கும் சிறு வயதுதான். என் வயிற்றைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "இங்கேயே, என் கண்முன்னே. ஒரு பருக்கையும் மிஞ்சக் கூடாது" என்றார்.

கேட்டின் குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஓடிவந்து குலவையிட்டார்கள். கம்பிக்கு மேலே கை நீட்டி அம்மா வளையல் அடுக்கினாள், ஊட்டினாள். மரத்திலிருந்து இலைகள் உதிர்ந்து எங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாம் கனவில் நடப்பதுபோல் இருந்தது.

ஒருவாய் அவளுக்கு ஊட்டினேன். அவள் அதை விழுங்கிய வேகத்தில்தான் எனக்கு உறைத்தது. இவ்வளவு அரிசி அவளுக்கு ஏது? தன் பங்கை வாரக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுத்த வாயும் அவளுக்கே கொடுத்தேன், அதற்கடுத்ததும்.

பார்த்துக்கொண்டே நின்ற துரை என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "இதில் நோயாளி யார்?"



"துரை என்னம்மா கேக்குறாரு?" என்றாள் அம்மா.

"சோறு நல்லா இருக்கான்னு கேக்குறாரும்மா."

"உப்புக் கொஞ்சம் கம்மி, மன்னிச்சுக்கச் சொல்லு" என்றாள், வாயில் சோற்றோடு.